மாளிகை மட்டும் சாகவில்லையே!

வல்லம் வடகாலிலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பாக்டரிப் பெண்களுக்காகச் சர்க்கார் கட்டிய பெரிய விடுதியில் தங்கியிருப்பவர். 2024 ஆகஸ்டில் திறந்து வைத்தார்களே, 706 கோடி ரூபாய்ச் செலவில், 18,720 பேர் தங்கலாம் என்று, அந்த விடுதிதான். வார லீவு நாளில் அறைத் தோழிகள் நாலைந்து பேர் ஒரு செல்போனைத் தலையணைமேல் சாய்த்து வைத்து இங்கிலீஷ் படம் ஒன்றைப் பார்த்தார்களாம். அப்படிப்பட்ட போனை ஷிப்ட் ஷிப்டாக நின்று பூட்டிக் கொடுக்கிற கைகள் அவை! பாஷை பாதிதான் புரிந்தது. ஆனாலும் இங்கிலாந்துச் சீமான் வீட்டுக் கூத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். படம் முடிந்ததும் அவர்களில் இளையவள் கேட்டாளாம்: "ஏன்க்கா, வீட்ல இருக்கிற அத்தனை பேரும் சாவுறாங்க. மாளிகை மட்டும் சாவலையே! அது யார் காசுல கட்டுனதுன்னு ஒருத்தரும் கேக்கலையே?"

இதற்குப் பத்திரிகையில் பதில் எழுதுங்கள் என்கிறார் சகோதரி. எழுதுகிறோம்.

படத்தின் பெயர் 'சால்ட்பர்ன்'. எமரால்டு பென்னல் என்ற பெண்மணி எழுதி இயக்கி 2023ல் வெளிவந்தது. சில காட்சிகள் தாய் தகப்பனோடு உட்கார்ந்து பார்க்கத் தகுந்தவையல்ல என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறோம். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் படிக்கும் ஒரு சீமான் வீட்டுப் பையன், தன்னை ஏழை என்று சொல்லிக் கொள்ளும் சக மாணவனைக் கோடை விடுமுறைக்குத் தன் மாளிகைக்கு அழைத்துப் போகிறான். அங்கே இராச் சாப்பாட்டுக்கு உட்காருவதற்கும் தனி உடுப்பு. வீட்டோடு தங்கியிருந்த தோழி ஒருத்தியை அலுத்துப் போனதும் அனுப்பி விடுகிறார்கள். அவள் செத்தாள் என்ற செய்தி வந்தபோது சீமாட்டியின் முகம் கூடச் சுருங்கவில்லை. பெற்ற மகனே தோட்டத்தில் பிணமாய்க் கிடக்கிறான். மத்தியான விருந்து நிற்கவில்லை! பிணத்தைத் தூக்கிப் போவது தெரியாமலிருக்க ஜன்னல் திரையை இழுத்து விட்டுவிட்டுச் சாப்பிடுகிறார்கள். தகப்பன், தாய், மகன், மகள் நால்வரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேருகிறார்கள். வந்த விருந்தாளி மாளிகைக்குச் சொந்தக்காரனாகி, உடம்பில் ஒட்டுத் துணியில்லாமல் அறை அறையாக ஆடிக்கொண்டு வருகிறான். படம் முடிந்தது.

கேலி உண்மையான கேலிதான். சீமான்களின் இதயம் எப்படி இருக்கும் என்பதை அந்த விருந்துக் காட்சி ஒன்றே சொல்லி விடுகிறது. ஆனால் இந்தக் கதை புதிதல்ல. 1949லேயே இங்கிலாந்தில் 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்' என்று ஒரு படம் வந்தது. பிரபு வம்சத்துப் பெண் ஒருத்தி இத்தாலியப் பாடகனைக் கல்யாணம் செய்து கொண்டாள் என்பதற்காக வம்சத்தார் அவளை ஒதுக்கி வைத்தார்கள். செத்த பிறகு குடும்பக் கல்லறையில் இடம் கொடுக்கவும் மறுத்தார்கள். துணிக் கடையில் சிப்பந்தியாக இருந்த அவள் மகன், தனக்கும் பட்டத்துக்கும் இடையே நிற்கிற உறவினரை வரிசையாகத் தீர்த்துக் கட்டுகிறான். பாதிரியாருக்கு மதுவில் விஷம். தளபதிக்கு மீன் முட்டை டப்பாவில் வெடிகுண்டு. பலூனில் பறந்த சீமாட்டிக்குக் கீழிருந்து ஓர் அம்பு. கடற்படைத் தலைவரைக் கொல்ல வேண்டிய சிரமமே வைக்கவில்லை; தப்பான உத்தரவு போட்டுத் தானே கப்பலோடு முழுகிப் போகிறார்! வம்சத்தார் எட்டுப் பேராகவும் அலெக் கின்னஸ் என்ற ஒரே நடிகர் வருகிறார். பெண் வேஷமும் அதில் அடக்கம். எட்டுத் தலைக்கும் ஒரே முகம் போதும் என்பதுதான் அந்தப் படத்தின் பெரிய நையாண்டி.

இரண்டு படங்களுக்கும் இடையில் எழுபத்து நாலு வருஷம். இங்கிலாந்தில் எத்தனையோ மந்திரிசபைகள் வந்து போயின. 1999ல் பிறப்புரிமையால் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்திருந்தவர்களில் 92 பேரைத் தவிர மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் திரையில் கதை மாறவில்லை. வெளியிலிருந்து ஒருவன் வருகிறான். உள்ளே இருப்பவர்களைத் தொலைத்து விட்டு அதே நாற்காலியில் அவன் உட்காருகிறான். வீடு அப்படியே நிற்கிறது. குத்தகை அப்படியே வருகிறது. நாற்காலியைப் பற்றி இரண்டு படத்திலும் பேச்சில்லை!

இன்னும் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க நமக்கு மனமில்லை. 1972ல் வந்த 'தி ரூலிங் கிளாஸ்'. ஆளும் வர்க்கம் என்று அர்த்தம். பட்டத்துக்கு வந்த பிரபு தன்னைக் கடவுள் என்று நினைத்துக் கொண்டு, எல்லோரும் அன்பாக இருங்கள் என்று உபதேசம் செய்கிறான். பைத்தியம் என்று வைத்தியம் பார்க்கிறார்கள். வைத்தியம் பலித்துத் தெளிந்து எழுந்தவன், தன்னை லண்டனில் பெண்களைக் கிழித்துக் கொன்ற 'ஜாக்' என்று நினைத்துக் கொள்கிறான். இப்போது தூக்குத் தண்டனையும் கசையடியும் வேண்டும் என்று முழங்குகிறான். பிரபுக்கள் சபை ஆரவாரம் செய்கிறது: ஐயாவுக்குச் சித்தம் தெளிந்து விட்டது! அந்த வீட்டுச் சமையற்கட்டிலும் சாப்பாட்டு மேஜையிலும் காலமெல்லாம் பணிவிடை செய்த கிழட்டுப் பட்லர் யார் தெரியுமா? ரகசியக் கம்யூனிஸ்டு! பெரும் பணம் உயிலில் வந்தும் வேலையை விட்டுப் போகாத விசித்திரப் பேர்வழி. கடைசியில் பிரபு செய்த கொலைக்காகப் போலீஸ் பிடித்துப் போவது அவனைத்தான். அதைப் பார்த்து நாம் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அத்தனை சிரிப்பாகப் படவில்லை.

சரி, சகோதரியின் கேள்விக்கு வருவோம். யார் காசு?

எல்லா மாளிகைக்கும் ஒரே பதில் கிடையாது. லண்டனின் விலையுயர்ந்த மேபேர், பெல்கிரேவியா பேட்டைகளுக்குச் சொந்தக்காரர் வெஸ்ட்மின்ஸ்டர் டியூக். 1677ல் அவருடைய மூதாதை, சுமார் ஐந்நூறு ஏக்கர் நிலத்துக்கு வாரிசாக இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் கல்யாணம் செய்து கொண்டார். அன்றைக்குச் சேறும் புல்லுமான பூமி. பட்டணம் வளர்ந்தது, வாடகையும் வளர்ந்தது. 2016ல் தகப்பனார் இறந்தபோது, இருபத்தைந்து வயது மகனுக்கு வந்து சேர்ந்த குடும்பச் சொத்தின் மதிப்பு சுமார் 900 கோடி பவுன் என்று பத்திரிகைகள் எழுதின. பட்டணத்தை வளர்த்தவர்கள் யார்? கல் சுமந்தவன், சாக்கடை தோண்டியவன், கடை வைத்தவன். வாடகை யாருக்கு? பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் கட்டியவரின் வம்சத்துக்கு.

வேறு சில மாளிகைகளுக்குப் பதில் தேடி லண்டன் வரை போக வேண்டியதில்லை. நம்முடைய சென்னைக் கோட்டைக்குப் போனால் போதும்.

தாமஸ் பிட் என்று ஒரு துரை. 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். கோல்கொண்டாச் சுரங்கத்து வைரக் கல் ஒன்றைச் சென்னையில் இருபதினாயிரம் பவுன் சுமாருக்கு வாங்கினார். 1717ல் பிரெஞ்சு ராஜப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். அந்தக் கல் இன்றும் பாரிஸ் லூவர் மியூசியத்தில் மினுங்குகிறது. அந்தப் பணத்தில் கார்ன்வாலில் எஸ்டேட் வாங்கினார். ஜனங்களே வசிக்காத பழைய சாரம் மேட்டின் பார்லிமெண்டு ஸ்தானமும் அவர் குடும்பத்துச் சொத்து! பேரன் இங்கிலாந்தின் பிரதம மந்திரி. கொள்ளுப் பேரனும் பிரதம மந்திரி. வம்சப் பெருமை என்று சரித்திரப் புத்தகம் எழுதுகிறது. கொல்லூர்ச் சுரங்கத்தில் மண் சுமந்தவனின் பேரன் என்ன ஆனான் என்று எழுதவில்லை.

அடுத்தவர் ராபர்ட் கிளைவ். 1744ல் வருஷத்துக்கு ஐந்து பவுன் சம்பளத்தில் சென்னையில் குமாஸ்தாவாக வந்து இறங்கியவர். 1760ல் ஊர் திரும்பும்போது லட்சக்கணக்கான பவுன்களோடு திரும்பினார். அவர் மகன் எட்வர்டு, வேல்ஸ் நாட்டுப் பவிஸ் கோட்டைச் சீமாட்டியைக் கல்யாணம் செய்து கொண்டார். 1798ல் சென்னைக்கே கவர்னராக வந்தார். அடுத்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. 1804ல் அவருக்குப் 'பவிஸ் பிரபு' என்று பட்டம். அந்தக் கோட்டையில் திப்பு சுல்தானின் கூடாரத்தை இன்றும் கண்ணாரக் காணலாம். டிக்கெட் உண்டு.

இந்த வரலாற்றில் வல்லம் வடகாலுக்கும் பங்கு இருக்கிறது. 1763ல் ஆற்காட்டு நவாபு, தனக்குச் செய்த ராணுவ உதவிக்காகக் கம்பெனிக்குத் தாரை வார்த்தது செங்கற்பட்டு ஜாகீர். அதுதான் பின்னால் செங்கற்பட்டு ஜில்லா ஆயிற்று. ஸ்ரீபெரும்புதூரும் வல்லமும் அடங்கிய ஜில்லா. 1780ல் ஹைதர் அலி யுத்தத்தில் இந்தப் பிரதேசம் பாழாயிற்று. பாழான கிராமத்திலும் கிஸ்தியை உயர்த்தி வசூலித்துக் காட்டி 1790களில் பெயர் வாங்கிய கலெக்டர் லயனல் பிளேஸ். நம் ஏரிப் பாசனத்து நெல் இப்படித்தான் சீமைக்குப் பணமாய்ப் போயிற்று.

இப்படிச் சம்பாதித்து ஊர் திரும்பியவர்களை அங்கே 'நபாப்' என்று ஏளனமாக அழைத்தார்கள். 1772ல் சாமுவேல் பூட் என்பவர் 'தி நபாப்' என்று நாடகமே போட்டார். கடன்பட்ட பழைய பிரபு குடும்பத்தை, இந்தியாவில் அடித்த பணத்தோடு வந்தவன் மிரட்டுகிற கதை. கொட்டகையில் சிரிப்பு. எதைப் பார்த்து? புதுப் பணக்காரனின் நடை உடையைப் பார்த்து. ஒரு தலைமுறை போகட்டும் என்று காத்திருந்தார்கள் போலும்! கொள்ளையடித்தவனின் மகன் கொள்ளைக்காரன் ஆகவில்லை, வாரிசு ஆனான். வாரிசின் மகன் பிரபு ஆனான். பரம்பரைச் சொத்து என்ற வார்த்தை இருக்கிறதே, அது நல்ல சலவைத் துறை. ரத்தக் கறையோடு போட்ட துணி மூன்றாம் தலைமுறையில் மல்லிகைப் பூவாய் வெளுத்து வந்து விடுகிறது.

இன்றைக்கு அந்தச் சீமான்களுக்குக் கேலியும் வருமானமாகி விட்டது. 2010ல் தொடங்கிய 'டவுன்டன் அபி' என்ற தொலைக்காட்சித் தொடர், பிரபு வீட்டு மேல் மாடியையும் வேலைக்காரர்களின் கீழ்த் தளத்தையும் காட்டி உலகையே மயக்கியது. அதில் வரும் ஹைகிளேர் கோட்டை ஒரு நிஜப் பிரபுவின் கோட்டை. படப்பிடிப்பு வாடகை ஒரு பக்கம், பார்க்க வந்த கூட்டத்தின் டிக்கெட் ஒரு பக்கம். பழுதுபட்டுக் கிடந்த கோட்டைக்கு ரிப்பேர் வேலை நடந்தது. நம்மைப் பார்த்துச் சிரியுங்கள், நுழைவுச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள் என்கிறார்கள்!

நம்மவர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? 1941ல் பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' நாடகத்தை ஏ.வி. மெய்யப்பன் படமாக்கினார். எஜமானன் சபாபதி பணக்கார வீட்டு மண்டு. வேலைக்காரன் சபாபதி அவனை விட மண்டு. டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்னமும் போட்டி போட்டுச் சிரிக்க வைத்தார்கள். இன்று பார்த்தாலும் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு மண்டுகளில் ஒருவன் ஏன் நாற்காலியிலும் மற்றவன் ஏன் வாசற்படியிலும் இருக்கிறான்? பெயர் கூட ஒன்றுதானே!

1949ல் வந்த 'வேலைக்காரி' ஒரு படி மேலே போயிற்று. அண்ணாதுரையின் கதை. கடன் கொடுத்த ஜமீன்தாரின் நெருக்குதலால் ஓர் ஏழை தூக்குப் போட்டுக் கொள்கிறான். அவன் மகன் பணக்கார வேஷம் போட்டுப் பழி வாங்கக் கிளம்புகிறான். பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அந்தப் படம் கேட்டது, அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜனங்கள் கைதட்டினார்கள். ஆனால் முடிவு? ஜமீன்தாரின் மகளைப் பழி வாங்க வந்தவன் கட்டுகிறான். ஜமீன்தாரின் மகன் வேலைக்காரியைக் கட்டுகிறான். இரட்டைக் கல்யாணம், சுபம். அதே வருஷம் என்.எஸ். கிருஷ்ணன் நடித்த 'நல்லதம்பி'யில், ஜமீன் சொத்துக்கு எதிர்பாராமல் வாரிசான நல்லவன் அதை ஊருக்குச் செலவழிக்க முனைகிறான். நல்ல மனசுக்காரன் கையில் போனால் ஜமீன் இருக்கலாம் என்று ஆயிற்று! ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948ல் நிறைவேறி, ஜமீன்தார்களுக்கு நஷ்டஈடு கணக்குப் போட்டுக் கொண்டிருந்த காலம் அது. ஆலைத் தொழிலாளியின் சங்கத்தையே கதையாக்கி 1960ல் நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' ஓடவில்லை. ஓட விடவில்லை என்று சொல்வோரும் உண்டு.

ஜமீன்தாரும் ஜரிகைத் தலைப்பாகையும் போய் விட்டபோது பரம்பரையும் போய் விட்டது என்று நம்பினோம். 1953ல் நம் நாட்டில் செத்தவர் சொத்துக்கு வரி போடும் எஸ்டேட் டியூட்டி சட்டம் வந்தது. 1985ல் அதை எடுத்தார்கள். 1957ல் வந்த செல்வ வரியை 2015ல் எடுத்தார்கள். வசூல் குறைவு, செலவு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். ஆக, இன்று ஆயிரம் கோடி ரூபாயை அப்பன் மகனுக்கு விட்டுப் போனால் வாரிசு வரி என்று ஒரு தம்பிடி கிடையாது. வல்லம் வடகால் விடுதிச் சகோதரி ஒரு பவுடர் டப்பா வாங்கினால் அதற்கு வரி உண்டு.

முதலாளித்துவ நாடான தென் கொரியாவில் கூட நிலைமை வேறு. அந்த நாட்டுப் படமான 'பாரசைட்' 2019ல் உலகையே ஆட்டி வைத்தது. நிலவறையில் வாழும் ஏழைக் குடும்பம் பணக்கார வீட்டுக்குள் வேலைக்காரர்களாய்ப் புகுந்து, அதற்கும் கீழே ஒளிந்திருக்கும் இன்னோர் ஏழையோடு அடித்துக் கொள்ளும் கதை. அங்கேயும் மகன் கடைசியில் காணும் கனவு, அந்த வீட்டை ஒரு நாள் விலைக்கு வாங்குவது! அது கிடக்கட்டும். 2020ல் சாம்சங் அதிபர் லீ குன்-ஹீ இறந்தபோது, வாரிசுகள் கட்ட வேண்டிய வரி 12 லட்சம் கோடி வானுக்கு மேல் என்று கணக்காயிற்று. நம் பணத்தில் சுமார் எண்பதினாயிரம் கோடி ரூபாய். ஐந்து வருஷத் தவணையில் கட்டுவதாக 2021ல் அறிவித்தார்கள்.

அந்தச் சாம்சங்கின் சுங்குவார்சத்திரம் பாக்டரியில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலை நிறுத்தம் நடந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோரிக்கையில் முதலாவது, எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பது. தகராறு எதில் வந்தது? பெயரில்! சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற வார்த்தை இருக்கக் கூடாது, அது எங்கள் சொத்து என்று கம்பெனி ஆட்சேபம் செய்தது. 1938ல் பாட்டனார் வைத்த பெயர் பேரனுக்குப் பாத்தியம். அந்தப் பெயரை நாள்தோறும் குளிர்ப்பெட்டியின் நெற்றியில் ஒட்டுகிற தொழிலாளிக்குப் பாத்தியம் இல்லை. கடைசியில் 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று, பெயரும் நின்றது.

பெயர் என்றதும் வல்லம் வடகாலில் 2017 முதல் தயாராகிற மோட்டார் சைக்கிள் நினைவுக்கு வருகிறது. 'ராயல் என்பீல்டு'. என்பீல்டு என்பது இங்கிலாந்தில் ராஜாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். 1857ல் நம் சிப்பாய்கள் கடிக்க மறுத்த தோட்டா அந்த என்பீல்டு துப்பாக்கியின் தோட்டாதான். பிற்காலத்தில் துப்பாக்கிக்கு உதிரிப் பாகம் செய்த சைக்கிள் கம்பெனி அந்தப் பெயரை எடுத்துக் கொண்டது. இங்கிலாந்துக் கம்பெனி 1970 வாக்கில் மோட்டார் சைக்கிள் செய்வதை நிறுத்தி விட்டது. பெயர் மட்டும் கை மாறி, சென்னைக்கு வந்து, இப்போது நம் பையன்கள் செய்த வண்டியில் ஏறி இங்கிலாந்துக்கே போகிறது.

இந்த மண்ணின் உழைப்பாளிக்கும் ஒரு பரம்பரைச் சொத்து இருந்திருக்க வேண்டும். 1891ல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர், இந்த ஜில்லாவின் தாழ்த்தப்பட்ட மக்கள் அரையடிமையாய் வாழ்வதை அறிக்கையாக எழுதினார். வெள்ளைக்காரத் துரைதான், ஆனாலும் உள்ளதை உள்ளபடி எழுதினார். அதன்பேரில் 1892ல் அவர்களுக்கு நிலம் வழங்க உத்தரவாயிற்று. பஞ்சமி நிலம் என்கிறோமே, அது. பிறர் கைக்குப் போகக் கூடாது என்று நிபந்தனை. போகக் கூடாதது எப்படிப் போயிற்று என்பதற்குக் கிராமம் கிராமமாய்க் கதை இருக்கிறது. 1994 அக்டோபரில், மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டு நடந்த கிளர்ச்சியில் இரண்டு பேர் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். பின்னால் பாக்டரிகளுக்காக நிலம் எடுத்தபோதும் நஷ்டஈடு பட்டா உள்ளவனுக்கு. தலைமுறை தலைமுறையாய் அந்த வயலில் நாற்று நட்டவளுக்குப் பட்டா ஏது?

வெற்றிமாறன் 2019ல் எடுத்த 'அசுரன்' படத்தில் பஞ்சமி நிலப் பேச்சு வருகிறது. அதிலும் வாரிசு உண்டு, சொத்து உண்டு, கொலையும் உண்டு. சொத்து மூன்று ஏக்கர். அதை வைத்துக் கொள்வதற்கு ஒரு குடும்பம் மூத்த மகனைப் பறிகொடுக்கிறது. தகப்பன் இளைய மகனைக் கூட்டிக் கொண்டு காடு மேடெல்லாம் ஓடுகிறான். அந்தக் குடும்பத்தின் வீட்டில் விருந்து மேஜையும் இல்லை, இழுத்து விடத் திரையும் இல்லை. எந்தச் சாவையும் பார்க்காமல் சாப்பிட அவர்களால் முடியாது.

சகோதரிக்கு ஒரு வார்த்தை. அடுத்த லீவு நாளில் அந்தப் போனைத் தலையணைமேல் சாய்த்து இந்தப் படத்தையும் ஓட விடுங்கள். முடிந்ததும் அந்தச் சின்னப் பெண் என்ன கேட்டாள் என்று நமக்கு எழுதுங்கள்.